சங்கத்து ஆம்ப்ளிபயர் ஊமையானால்...

வணிகர் சங்கம் என்று இருந்தால் அதற்கொரு மைக் செட் இல்லாமல் இராது. மே 5 வணிகர் தினம், பொதுக்குழு, ஆயுத பூஜை என்று ஆண்டுக்கு நாலைந்து முறை அது வெளியே வரும். மற்ற நாட்களில் யாராவது ஒரு உறுப்பினரின் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே கிடக்கும். கூட்டத்தன்று எடுத்து வைத்தால் பேசாது. "போர்டே போய்விட்டது" என்று ரிப்பேர்காரர் சொல்வார். சங்க நிதியிலிருந்து பணம் போகும். எது கெட்டது என்று அறிந்து பணம் கொடுப்பதே வியாபாரிக்கு அழகு. அதைவிட முக்கியம், அவசரத்தில் செய்யும் கைவைத்தியத்தால் உயிருக்கும் கிடங்குக்கும் வரும் ஆபத்தைத் தடுப்பது.

பழுது எந்த இடத்தில்?

வந்த சரக்கில் இரண்டு மூட்டை குறைந்தால் லாரி, கிடங்கு, கடை என்று கைமாறிய இடம் ஒவ்வொன்றிலும் எண்ணிப் பார்க்கிறோம். இதற்கும் அதே வழிதான். மைக், மிக்சர், ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கர் வயர், ஸ்பீக்கர் என்ற வரிசையில் சத்தம் எங்கே நின்றது என்று பார்க்க வேண்டும்.

பெரிய ஆம்ப்ளிபயரில் இடது, வலது என இரண்டு சேனல்கள் உண்டு. ஒரு பக்கம் மட்டும் பேசவில்லை என்றால், சுவிட்சை அணைத்துவிட்டு, மிக்சரிலிருந்து வரும் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமைப் பக்கமும் மாறினால் ஆம்ப்ளிபயர் நல்லது. குறை மிக்சரிலோ வயரிலோ இருக்கிறது. மாறவில்லை என்றால் குறை ஆம்ப்ளிபயரிலோ ஸ்பீக்கர் பக்கமோதான்.

"புரொடெக்ட்" என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஸ்பீக்கர் வயர்களை எல்லாம் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். விளக்கு அணைந்தால் வயரிலோ ஸ்பீக்கரிலோ ஷார்ட். அணையாவிட்டால் பழுது உள்ளே இருக்கிறது. அப்படிப்பட்ட ஆம்ப்ளிபயரில் நல்ல ஸ்பீக்கரை மாட்டிச் சோதிக்கக் கூடாது. உள்ளிருந்து டி.சி. மின்சாரம் வந்து ஸ்பீக்கரின் காயிலையும் எரித்துவிடும்.

பியூஸில் விளையாட வேண்டாம்

பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றுவதும், தடித்த கம்பியை வைத்துக் கட்டுவதும் நம் ஊர்களில் நடக்கிறது. பியூஸ் குழாயின் கண்ணாடி கறுத்துப் போயிருந்தால் உள்ளே பலமான ஷார்ட் இருக்கிறது என்று பொருள். அதன்மேல் கம்பியைக் கட்டினால் டிரான்ஸ்பார்மர் எரியும். சாக்கும் அட்டைப் பெட்டியும் எண்ணெய் டின்னும் உள்ள கிடங்கில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல மெக்கானிக் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்து, ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப்ளிபயரைப் போடுவார். பல்பு ஒரு முறை பளிச்சிட்டு மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட் உண்டு. இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

மூடியை நாம் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்பும் உள்ளே கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். அது ஆளைக் கொல்லக் கூடியது.

ரிப்பேர்காரரிடம் கேட்க வேண்டியவை

பெரும்பாலும் போவது பவர் டிரான்ஸிஸ்டர்கள். மீட்டரில் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே சுழி காட்டினால் அது ஷார்ட். ஒன்று போனதற்கு ஒன்றை மட்டும் மாற்றினால் ரிப்பேர் நிற்காது. அந்த சேனலின் மற்ற பவர் டிரான்ஸிஸ்டர்கள், அவற்றை ஓட்டும் டிரைவர் டிரான்ஸிஸ்டர்கள், எமிட்டர் ரெசிஸ்டர்கள் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். சி5200, ஏ1943 என்ற ஜோடி பரவலாகப் பயன்படுவது. அதே எண்ணை அச்சிட்ட போலிகளும் சந்தையில் உண்டு. பில் கேளுங்கள், கழற்றிய பழையதையும் கேட்டு வாங்குங்கள். திரும்பத் தருமுன் ஸ்பீக்கர் முனையில் டி.சி. அளந்து காட்டச் சொல்லுங்கள். சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் பாதகமில்லை. வோல்ட் கணக்கில் இருந்தால் வாங்காதீர்கள்.

மறுபடி கெடாமலிருக்க

8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே சேனலில் இணையாக மாட்டினால் 4 ஓம். நான்கை மாட்டினால் 2 ஓம். பின்பக்கம் எழுதியுள்ள அளவுக்குக் கீழே போனால் டிரான்ஸிஸ்டர் சூடேறிச் சாகும். கூட்டத்துக்குக் கூட்டம் ஒரு ஸ்பீக்கர் கூட்டிக்கொண்டே போவதில்தான் பல செட்டுகள் கெடுகின்றன.

மூன்று பேஸ் தற்காலிக இணைப்பில் நியூட்ரல் கழன்றால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரையிலும் வரலாம். பந்தலில் பிளக்கைச் செருகுமுன் மீட்டர் வைத்துப் பார்ப்பது நல்லது. இரைச்சல் வருகிறது என்று எர்த் பின்னை வெட்டிவிடக் கூடாது. மைக்கைப் பிடிப்பவருக்கே ஷாக் அடிக்கும்.

மிளகாய் வற்றலும் மாவும் உள்ள கிடங்கில் அதை வைக்காதீர்கள். தூசி விசிறியை அடைக்கும், எலி வயரைக் கடிக்கும். மூடியுள்ள பெட்டியில் வைத்து, மாதம் ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பியூஸ் எத்தனை ஆம்பியர், எத்தனை ஓம் வரை மாட்டலாம் என்று மூடியின் மேலேயே ஒரு சீட்டு ஒட்டுங்கள். பொறுப்பை ஒரே ஒரு உறுப்பினரிடம் கொடுங்கள். பலர் கைப்பட்ட தராசு சரியாக நிற்பதில்லை, ஆம்ப்ளிபயரும் அப்படித்தான்.