சூத்திரம் ஒன்றே, காந்தம் வேறு!

மாணவர்களே, ஒரு சேர்மத்தின் வேதிச் சூத்திரம் அதில் எந்த அணு எத்தனை இருக்கிறது என்று சொல்லும். எந்த அணு எங்கே இருக்கிறது என்று சொல்லாது. சில ஆக்சைடுகளில் அந்த இடம்தான் காந்தத்தன்மையையும் மின்கடத்தலையும் தீர்மானிக்கிறது.

இரண்டு ஸ்ட்ரோன்டியம், ஓர் இரும்பு, ஒரு மாலிப்டினம், ஆறு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த ஆக்சைடு ஒன்று உண்டு. அதன் படிகத்தை முப்பரிமாணச் சதுரங்கப் பலகையாக நினைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கட்டங்களில் இரும்பு, வெள்ளைக் கட்டங்களில் மாலிப்டினம். இரண்டுமே குட்டிக் காந்தங்கள். இரும்பின் வலிமை 5 அலகு, மாலிப்டினத்தின் வலிமை 1 அலகு. கறுப்பில் உள்ளவை மேல்நோக்கியும் வெள்ளையில் உள்ளவை கீழ்நோக்கியும் நிற்கும். மிஞ்சுவது 5 − 1 = 4 அலகு.

உலையில் இதைத் தயாரிக்கும்போது சில இரும்பும் மாலிப்டினமும் இடம் மாறி அமர்ந்துவிடும். 10 ஜோடிகளில் ஒன்று மாறியதாக வைத்துக்கொள்வோம். 9 ஜோடிகள் 36 அலகு தரும். மாறிய ஜோடியில் இரும்பு கீழ்நோக்கித் திரும்புவதால் 4 அலகு கழியும். 40 இருக்க வேண்டிய இடத்தில் 32! பத்தில் ஒரு பிழை, காந்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. பாதி இடம் மாறினால், இந்த எளிய கணக்குப்படி காந்தமே இல்லை.

மின்சாரத்துக்கும் இதே கதைதான். எலக்ட்ரானுக்குத் ‘தற்சுழற்சி’ என்ற பண்பு உண்டு. அது மேல் அல்லது கீழ் என இரு வகை. ஒழுங்கான படிகத்தில் ஒரே வகை எலக்ட்ரான்கள்தாம் மின்சாரத்தைச் சுமக்கின்றன. அதனால் காந்தப்புலத்தை அருகில் கொண்டுவந்தால், படிகத் துகள்களின் காந்தத் திசைகள் ஒன்றாகி, எலக்ட்ரான்கள் துகள்விட்டுத் துகள் எளிதாகத் தாவும், மின்தடை குறையும். அறை வெப்பநிலையிலேயே இது நடப்பதை 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அணுக்கள் இடம் மாறினால் இரு வகை எலக்ட்ரான்களும் கலந்துவிடும். அந்த விளைவும் மங்கும்.

காந்தப்புலத்தால் மின்தடை மாறும் பண்பைக் கொண்டுதான் கணினியின் ஹார்ட் டிஸ்க் தகவலைப் படிக்கிறது. ஆகவே, புதிய உணரிகளுக்கு இத்தகைய ஆக்சைடுகளைத் தயாரிப்பவர்கள் உலையின் வெப்பத்தையும் நேரத்தையும் கவனமாக மாற்றிப் பார்க்கிறார்கள். பிறகு எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அணுக்கள் சரியான கட்டங்களில் உள்ளனவா என்று சோதிக்கிறார்கள்.

20 ஜோடிகளில் ஒன்று மட்டும் மாறினால் ஒரு ஜோடிக்குச் சராசரியாக எத்தனை அலகு மிஞ்சும்? கணக்கிட்டுப் பாருங்கள். விடை: 3.6.