சீஸ் மேல் தெளிக்கும் வைரஸ்

பால் பண்ணை ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களிடம் 'ஃபேஜ்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். நான் பார்த்தது தரக் கட்டுப்பாட்டு வேலை. பாலைக் காய்ச்சி, 42, 43 டிகிரிக்கு ஆறவிட்டு, கல்ச்சர் போட்டால் சில மணி நேரத்தில் தயிர் உறைய வேண்டும். பி.எச். 4.6-க்கு இறங்கியதும் குளிரறைக்கு அனுப்பிவிடுவோம். ஒரு விடியற்காலை ஷிஃப்டில் உற்பத்திப் பிரிவு அண்ணன் ஆய்வக வாசலில் வந்து நின்றார்.

"மேடம், ரெண்டாம் டேங்க் இன்னும் பாலாவே நிக்குது. ராத்திரி போட்டது."

மீட்டரை விட்டுப் பார்த்தேன். 6.1. புளிப்பு ஏறவே இல்லை. பாலில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தால் இப்படி ஆகும். ஆனால் அதைச் சோதித்த பிறகுதான் லாரியையே உள்ளே விடுகிறோம். கல்ச்சர் பாக்கெட்டும் புதுசு. அப்புறம் சந்தேகப்பட ஒன்றுதான் மிச்சம்.

உறையாத பாலைக் கொஞ்சம் எடுத்து, பாக்டீரியாவே நுழைய முடியாத நுண்வடிகட்டியில் வடித்து, வடிந்ததை அதே கல்ச்சரோடு அகாரில் கலந்து தட்டில் ஊற்றி இன்குபேட்டரில் வைத்தோம். நல்ல தட்டென்றால் மறுநாள் பாக்டீரியா மங்கலான ஒரே பரப்பாக வளர்ந்து மூடியிருக்கும். இந்தத் தட்டை விளக்குக்கு நேராகப் பிடித்தால், தோசையில் விழும் கண்கள் மாதிரி பரப்பு முழுக்கப் பொத்தல். ஒவ்வொரு பொத்தலும் ஒரு வைரஸ் இறங்கிய இடம். அது ஒரு பாக்டீரியாவுக்குள் புகுந்து, பெருகி, உடைத்துக்கொண்டு வெளியே வந்து, பக்கத்தில் இருந்ததையும், அதற்குப் பக்கத்தில் இருந்ததையும் காலி செய்துவிட்டது. பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் இந்த வைரஸ்தான் பாக்டீரியோஃபேஜ், சுருக்கமாக ஃபேஜ்.

டேங்கிலிருந்த பால் மொத்தமும் வீண். சீஸ், தயிர் செய்கிறவர்களுக்கு இது பழைய தலைவலி. நியூசிலாந்தில் வைட்ஹெட், காக்ஸ் என்ற இருவர் 1935-லேயே சீஸ் கல்ச்சரைக் கெடுப்பது ஃபேஜ்தான் என்று கண்டு சொன்னார்கள். பாஸ்சுரைஸ் செய்யும் சூட்டிலும் சாகாத ஃபேஜ்கள் உண்டு. அதனால் ஒரே கல்ச்சரைத் தொடர்ந்து போடாமல் மாற்றி மாற்றிப் போடுவது, குழாய்களைக் குளோரின் போட்டு அலசுவது என்று உலகம் முழுக்க டெய்ரிக்காரர்கள் இன்றைக்கும் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட சமாசாரத்தைக் காசு கொடுத்து வாங்கி, சீஸ் மேலும் இறைச்சி மேலும் தெளிக்கிறார்கள் என்று முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. காரணத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

காரணத்தின் பெயர் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ். பெரும்பாலான கிருமிகளைக் குளிர் மட்டுப்படுத்தும். இது ஃபிரிட்ஜுக்குள்ளேயே நிதானமாகப் பெருகும். ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு போய்விடும். கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு, சிசுக்களுக்கும் முதியவர்களுக்கும் மூளைக்காய்ச்சல், ரத்தத்தில் கிருமி பரவுதல். தென்னாப்பிரிக்காவில் 2017-இலும் 2018-இலும் பரவியபோது 1,060 பேருக்கு நோய் உறுதியானது, 216 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பத்துக்கு நாலு பேர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைகள். எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், 'பொலோனி' என்ற இறைச்சி உருளையில் போய் நின்றது. வேகவைத்தே விற்பது. துண்டு போட்டு ரொட்டிக்கு நடுவில் வைத்து, சூடாக்காமல் சாப்பிடுவார்கள். விலை மலிவு என்பதால் எல்லா வீட்டிலும் இருக்கும்.

வெந்த இறைச்சியில் கிருமி எப்படி வந்தது? வெந்த பிறகு வந்தது. துண்டு போடும் மெஷினின் கத்தி இடுக்கு, கன்வேயர் பெல்ட், தரையிலிருக்கும் வடிகால், குளிரறைச் சுவரில் வேர்க்கும் தண்ணீர் என்று ஈரமும் குளிர்ச்சியும் இருக்கும் எந்த இடத்திலும் லிஸ்டீரியா படிந்து, மாதக்கணக்கில், ஏன் வருஷக்கணக்கில்கூட உட்கார்ந்திருக்கும். பொருளை மறுபடி வேகவைக்க முடியாது. மருந்து கலக்கவும் முடியாது. மென்மையான சீஸை எடுத்துக்கொண்டால் இன்னும் சிக்கல். அதன் மேல்தோலில் வளரும் நல்ல பாக்டீரியாதான் அதற்கு மணமும் நிறமும் தருகிறது. கிருமிநாசினி எதைத் தெளித்தாலும் லிஸ்டீரியாவோடு அதுவும் சேர்ந்து சாகும்.

ஃபேஜ் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். அதன் குணமே பிடிவாதம். பெரும்பாலான ஃபேஜ்கள் தம் வாலின் நுனியில் இருக்கும் இழைகளால் பாக்டீரியாவின் மேலுறையைத் தொட்டுப் பார்க்கும். தனக்குத் தெரிந்த அமைப்பு இருந்தால் ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் விட்டுவிடும். ஒட்டியதும் தன் டி.என்.ஏ.வை உள்ளே செலுத்தும். அதற்கப்புறம் அந்த பாக்டீரியா தன் வேலையை விட்டுவிட்டு ஃபேஜ் செய்யும் தொழிற்சாலையாகிவிடும். கடைசியில் லைசின் என்ற நொதி உள்ளிருந்தே சுவரை அரிக்க, பாக்டீரியா வெடித்துப் பல பத்துப் புது ஃபேஜ்கள் வெளியே வரும். லிஸ்டீரியாவைத் தேடும் ஃபேஜுக்குத் தயிர்க் கல்ச்சர் கண்ணிலேயே படாது. நம் உடம்பு செல்களும் அப்படித்தான்.

2006 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அப்படியே உண்ணும் இறைச்சி, கோழி இறைச்சி வகைகளில் தெளிக்க ஆறு ஃபேஜ்கள் கலந்த ஒரு தயாரிப்பை அனுமதித்தது. பால்டிமோரில் உள்ள இன்ட்ராலிட்டிக்ஸ் நிறுவனத்துடையது. 500 சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு ஒரு மில்லி லிட்டர், அவ்வளவுதான். அதே வருஷம் நெதர்லாந்துத் தயாரிப்பு ஒன்றும் அமெரிக்காவில் முதலில் சீஸுக்கும், அடுத்த வருஷம் மற்ற உணவுகளுக்கும் ஏற்கப்பட்டது. அதிலிருப்பது பி100 என்ற ஒரே ஃபேஜ். தெற்கு ஜெர்மனியில் ஒரு பால் ஆலையின் கழிவுநீரில் எடுத்தது. எங்கள் டேங்கைக் கெடுத்ததன் தூரத்து உறவு இன்னொரு ஆலையின் சாக்கடையிலிருந்து கிளம்பி சீஸைக் காப்பாற்றப் போயிருக்கிறது. ஃபேஜ் வேண்டுமென்றால் அது பிடிக்கும் பாக்டீரியா எங்கே மண்டிக்கிடக்கிறதோ அங்கேதான் தேட வேண்டும்; அது பெரும்பாலும் அசிங்கமான இடமாகத்தான் இருக்கும்.

"வைரஸைச் சாப்பிடுவதா?" என்று என் அக்காவே கேட்டாள். ஒரு மில்லி லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய ஒரு கோடி ஃபேஜ் இருக்கும். நீ தினமும் சாப்பிடும் தயிரிலும் இருக்கும் என்றேன். அவள் ஒன்றும் சமாதானமாகவில்லை. அவள் பக்கமும் நியாயம் உண்டு. பதப்படுத்த உதவும் பொருள் என்ற கணக்கில் சேர்த்துவிட்டால் லேபிளில் பெயர் போட வேண்டியதில்லை என்பது எனக்கும் உடன்பாடில்லை. நல்லதைத்தானே செய்கிறார்கள், சொல்லிவிட்டுச் செய்தால் என்ன?

எல்லா ஃபேஜும் சாது என்றும் நினைக்க வேண்டாம். சில ஃபேஜ்கள் பாக்டீரியாவை உடனே உடைக்காமல் அதன் டி.என்.ஏ.வோடு சேர்ந்து குடியேறிவிடும். காலராவின் நஞ்சுக்கான மரபணுவே அப்படிக் குடியேறிய ஒரு ஃபேஜ் கொண்டுவந்ததுதான் என்று 1996-இல் வால்டார், மெக்கலானோஸ் என்ற இருவர் காட்டினார்கள். அதனால் உணவில் தெளிக்க, குடியேறத் தெரியாத, கண்டதும் உடைக்கிற வகையை மட்டுமே எடுக்கிறார்கள். அதன் மரபணுத் தொடர் முழுவதையும் படித்து, நஞ்சு மரபணு ஏதும் இல்லை என்று பார்த்த பிறகுதான் மேற்கொண்டு நகர்வார்கள்.

காலரா என்றதும் ஆக்ரா ஞாபகம் வருகிறது. 1896-இல் அங்கே இருந்த எர்னஸ்ட் ஹாங்கின் என்ற ஆங்கிலேயர், கங்கை, யமுனைத் தண்ணீரில் காலராக் கிருமி சில மணி நேரத்தில் செத்துவிடுகிறது, தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விடுகிறது என்று எழுதினார். அது ஃபேஜாக இருக்கலாம் என்று பிற்காலத்தவர் ஊகிக்கிறார்கள். லண்டனில் ட்வார்ட் 1915-இலும், பாரிஸில் டெரெல் 1917-இலும் தனித்தனியே கண்டுபிடித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. டெரெல் அதைச் சோதித்துப் பார்த்த முதல் நோயாளிகள் மனிதர்கள் அல்ல. 1919-இல் பிரெஞ்சுக் கிராமங்களில் சால்மொனெல்லா வகை நோயால் செத்துக்கொண்டிருந்த கோழிகள். பென்சிலின் வந்ததும் மேற்கு நாடுகள் ஃபேஜை மறந்தன. ஜார்ஜியாவின் திபிலிசி போன்ற சில இடங்களில் விடாமல் வைத்திருந்தார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், விற்பவர்கள் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை. ஃபேஜுக்குக் கால் கிடையாது. ஈரத்தில் மிதந்துபோய் பாக்டீரியா மேல் மோதினால்தான் உண்டு. உலர்ந்த பரப்பில் விழுந்த இடத்திலேயே கிடக்கும். கிருமி குறைவாக இருக்கும்போது மோதும் வாய்ப்பும் குறைவு, அதனால் ஃபேஜ்களை ஏராளமாகத் தெளிக்க வேண்டும். பத்தில் ஒன்றாகக் குறையலாம், ஆயிரத்தில் ஒன்றாகக் குறையலாம், சுத்தமாக இல்லாமல் போகும் என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது. பாக்டீரியாவும் சும்மா இருக்காது; மேலுறையை மாற்றிக்கொள்ளும். அமெரிக்கத் தயாரிப்பில் ஆறு ஃபேஜ் சேர்த்தது அதற்காகத்தான். ஆலையின் குளோரின் கலந்த தண்ணீரில் ஃபேஜைக் கலந்து தெளித்தால், கிருமியைத் தொடும் முன்பே அது செத்துவிடலாம். கத்தி இடுக்கைத் தேய்த்துக் கழுவாத ஆலைக்கு இதை விற்பது வீண்.

நம் கடற்கரையில் இதற்கு வேலை இருக்கிறது. இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் விப்ரியோ ஹார்வேயி என்ற ஒளிரும் பாக்டீரியா புகுந்தால் ராத்திரியில் தொட்டியே மினுங்கும். குஞ்சுகள் கூட்டங்கூட்டமாகச் சாகும். பயந்துபோய் ஆன்டிபயாடிக் கொட்டினால், எச்சம் கண்டுபிடிக்கப்பட்டு ஏற்றுமதி திரும்பி வரும். மங்களூரு மீன்வளக் கல்லூரியில் இந்திராணி கருணாசாகர் குழு இந்த விப்ரியோவுக்கு ஃபேஜ்களைப் பிரித்தெடுத்துப் பொரிப்பகத்திலேயே சோதித்து 2007-இல் வெளியிட்டது. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமும் இதில் வேலை செய்திருக்கிறது. மரக்காணம் பக்கம் பொரிப்பகம் வைத்திருக்கும் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு டன் தண்ணிக்கு எத்தனை லிட்டர் ஊத்தணும் மேடம்?"

அப்படிக் கணக்குச் சொல்ல முடியாது என்றேன். முதலில் உங்கள் தொட்டியில் இருப்பது எந்த விப்ரியோ என்று பிரித்தெடுக்க வேண்டும். கைவசம் இருக்கும் ஃபேஜ் ஒவ்வொன்றாக அதன் மேல் விட்டு, எது பொத்தல் போடுகிறது என்று தட்டில் பார்க்க வேண்டும். அடுத்த பருவத்தில் வேறு விப்ரியோ வந்தால் மறுபடி முதலிலிருந்து. "அப்போ பக்கத்துலயே ஒரு லேப் வேணும்னு சொல்லுங்க" என்றார். ஆமாம், அதுதான் வேண்டும். மருந்துக்கடையில் புட்டியாக வாங்கி வைத்துக்கொள்ளும் சரக்கு இல்லை இது.