நெறி கட்டினால்...

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டும். தலையில் சிரங்கு வந்தால் பின்கழுத்தில் கட்டும். இது பாட்டி காலத்திலிருந்தே நமக்குத் தெரிந்த விஷயம். ஆனால் புண் ஓரிடம், வீக்கம் வேறிடம், அது ஏன் என்று நான் யோசித்ததே இல்லை, என் சின்னப் பெண்ணுக்கு வரும்வரை.

அவளுக்கு அப்போது 9 வயது. ஒருநாள் தலை பின்னும்போது கழுத்தோரம் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ உருண்டது. "வலிக்கிறதாடி?" என்றேன். "இல்லேம்மா" என்றாள். வலியில்லை என்றதும் நிம்மதியாக விட்டுவிட்டேன், அசட்டுத்தனமாக! மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார். ஒரு மாதமாயிற்று. பக்கத்திலேயே இன்னொரு கட்டியும் சேர்ந்துகொண்டது. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும், சாதத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்புறம்தான் டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். ரத்தக் குழாய்கள் மாதிரியே உடம்பு முழுக்க நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. வழியெங்கும் மொச்சை விதை போலச் சின்னச் சின்ன முடிச்சுகள், சுமார் 600 இருக்கும். காலிலிருந்து வரும் நிணநீருக்குத் தொடை இடுக்கு, கைக்கும் மார்புக்கும் அக்குள், தலைக்கும் தொண்டைக்கும் பல்லுக்கும் கழுத்து. கிருமி வந்து சேர்ந்தால் முடிச்சுக்குள் இருக்கும் வெள்ளை அணுக்கள் மளமளவென்று பெருகும். அந்த வீக்கம்தான் நெறி.

இந்த வெள்ளை அணுக்கள் பிறப்பது எலும்பு மஜ்ஜையில். அதில் ஒரு பிரிவு நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் போய், எது நம் உடம்பு, எது அந்நியம் என்று பாடம் படித்து வருகிறது. குழந்தைகளுக்குப் பெரிதாக இருக்கும் அந்தச் சுரப்பி வயது ஏற ஏறச் சுருங்கிவிடும். அதன் வேலை இன்னதென்று எலிக்குஞ்சுகளை வைத்து ஜாக் மில்லர் என்பவர் லண்டனில் கண்டறிந்ததே 1961-ல்தானாம்! இடது விலாவுக்குள் மண்ணீரல், தொண்டையில் டான்சில், குடல் சுவரில் சில திட்டுகள், எல்லாம் இதே கூட்டம்தான்.

ஊசியால் கட்டியிலிருந்து துளி உறிஞ்சிப் பரிசோதித்தார்கள். காசநோய். அந்தக் காலத்தில் கண்டமாலை என்று சொன்னார்களே, அதுதான். எனக்குக் கை கால் ஓடவில்லை. எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. "நெறியில் மட்டும் இருந்தால் மற்றவர்களுக்கு ஒட்டாது" என்றார் டாக்டரம்மா. மாமியாரோ, "பெண் குழந்தை, வெளியே மூச்சு விடாதே" என்றார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். ஆறு மாதம் சாப்பிட வேண்டும். நடுவில் கட்டி கொஞ்சம் பெரிதாகிக்கூட பயமுறுத்தியது. மருந்து வேலை செய்யும்போதே அப்படி ஆவதுண்டாம். பிறகு வீக்கம் வடிந்து, பெண் ஓடியாட ஆரம்பித்ததும், "இன்னும் எதற்கு மாத்திரை?" என்று வீட்டில் முணுமுணுப்பு. பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும் என்று டாக்டரம்மா கண்டித்திருந்ததால் நான் விடவில்லை.

எல்லா நெறிக்கும் இப்படிப் பதற வேண்டாம். சளி, தொண்டைப் புண்ணுக்குக் கட்டுவது பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். அடங்காமல் வளர்ந்தாலோ, கல் மாதிரி கெட்டியாக இருந்தாலோ, காறை எலும்புக்கு மேலே வந்தாலோ, கூடவே ஜுரமோ எடைக் குறைவோ இருந்தாலோ பற்றுப் போட்டுக் காத்திருக்காதீர்கள். நம் அக்குளில் கட்டி தென்பட்டாலும் கூச்சப்படாமல் காட்டிவிடுங்கள். மார்பகக் கோளாறு சில சமயம் அங்கேதான் முதலில் தெரியும்.

என் பெண் இப்போது காலேஜில் படிக்கிறாள். கழுத்தில் அடையாளமே இல்லை. ஆனாலும் எண்ணெய் தேய்த்துவிடும்போது என் விரல் தானாக அந்த இடத்துக்குப் போய்விடும். "போதும்மா, விடேன்" என்று சிணுங்குவாள்.