ஏ.சி. கண் சிமிட்டினால் என்ன அர்த்தம் தெரியுமா?

ஏ.சி. முகப்பில் உள்ள குட்டி விளக்கு விட்டு விட்டு மின்னுகிறதா? தன் நோயைத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறது! மூன்று தடவை சிமிட்டினால் ஒரு கோளாறு, ஐந்து தடவை என்றால் வேறொன்று. கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் இந்தக் கணக்கு மாறும். விடை, ஏ.சி.யோடு வந்த சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் வைத்திருந்தால்!

அறை எவ்வளவு சூடு என்று, ஏ.சி.யை ஆட்டிவைக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்கு யார் சொல்கிறார்கள் தெரியுமா? மிளகு அளவே உள்ள ஒரு சென்சார்! தெர்மிஸ்டர் என்று பெயர். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். உலோகக் கம்பியில் நடப்பதற்கு நேர் எதிர். இந்த விசித்திரத்தை வெள்ளி சல்பைடில் 1833-லேயே கவனித்துவிட்டார் மைக்கேல் ஃபாரடே. அப்போது ஏ.சி.யும் கிடையாது, வீட்டுக்கு வீடு கரண்டும் கிடையாது!

பரவலாக இருக்கும் ஒரு வகை, 25 டிகிரியில் 10 ஆயிரம் ஓம் காட்டும். ஐஸ் தண்ணீரில் முக்கினால் 30 ஆயிரத்தை ஒட்டி ஏறும். மெக்கானிக் அதைக் கழற்றி, மல்டிமீட்டரில் மாட்டி, கைக்குள் பொத்திப் பிடிக்கும்போது உற்றுப் பாருங்கள். எண்கள் மளமளவென்று இறங்கினால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது. அசையாமல் நின்றால் ஆள் காலி. வயதாகி மின்தடை தாறுமாறாகக் கூடிவிட்டாலோ இன்னும் வேடிக்கை: நீங்கள் வேர்த்துக் கொட்டும்போதே ‘அறை குளிர்ந்தாச்சு’ என்று நம்பி கம்ப்ரஸரை நிறுத்திவிடும் போர்டு! சென்சார் சில நூறு ரூபாய்தான். போர்டு பல ஆயிரம். எதை முதலில் சோதிக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

போர்டையே கொல்லும் பல்லியைத் தெரியுமா? அவுட்டோர் யூனிட்டின் கதகதப்புக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பின்னால் பல்லி வரும். போர்டின் இரண்டு முனைகளை ஒரே நேரத்தில் தொட்டதோ, டப்! எறும்பு இன்னும் மோசம். அமெரிக்காவின் டெக்சாஸில், தென்னமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய ‘கிறுக்கு எறும்பு’ ஒன்று ஏ.சி.யின் ரிலே எனப்படும் மின் சுவிட்சுகளுக்குள் புகுந்துவிடும். ஷாக் அடித்துச் சாகும் எறும்பிலிருந்து அபாய வாசனை கிளம்ப, சண்டைக்கு ஆயத்தமாகக் கூட்டம் ஓடிவர, அதுவும் சாக, பிணங்கள் குவிந்து ரிலே வேலை செய்யாமலே போய்விடும்!

ரிமோட் வேலை செய்கிறதா என்று செல்போன் சொல்லும், தெரியுமா? செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேரே நீட்டி பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, திரையில் ஊதா வெளிச்சமாகச் சிமிட்டும். சிமிட்டினால் ரிமோட் ஒளி அனுப்புகிறது, சந்தேகத்தை ஏ.சி. பக்கம் திருப்புங்கள். பெரும்பாலான போன்களில் இது பலிக்கும்.

கரண்ட் போய் வந்ததும் ஏ.சி. காற்றை மட்டும் ஊதிக்கொண்டு நிற்கிறதா? மூன்று நிமிடம் பொறுங்கள்! குழாய்க்குள் வாயு அழுத்தம் சமமாகும் வரை கம்ப்ரஸரைப் போர்டு வேண்டுமென்றே தடுத்து வைத்திருக்கிறது. புது ஏ.சி. 24 டிகிரியில் வந்து நிற்பதும் கோளாறில்லை; 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏ.சி.களுக்கு அரசு வைத்த விதி.

ஏ.சி. கதை இது என்றால், ஹீட்டர் கதை இன்னும் விசித்திரம்! குளிர் நாடுகளின் கேஸ் ஹீட்டரில், தீ எரிகிறதா என்று கண்டுபிடிக்க அந்தத் தீயின் வழியாகவே கரண்ட் பாய்ச்சுகிறார்கள், நம்ப முடிகிறதா? தீக்குள் நிற்கும் ஒரு கம்பிக்கு மாறுமின்னோட்டம் கொடுத்தால், சுடர் அதை ஒருவழிப் பாதையாக்கிவிடும். கிடைப்பது ஒரு சில மைக்ரோ ஆம்பியர்தான். அது வந்தால்தான் கேஸ் வால்வு திறந்தே இருக்கும். கம்பியில் அழுக்குப் படிந்தால் பற்றிய வேகத்திலேயே ஹீட்டர் அணையும். மருந்து? கம்பியைத் தேய்த்துத் துடைப்பது!

மறுபடி ஏ.சி.க்கு வருவோம். ஆனால் ஒன்று. இன்வெர்ட்டர் ஏ.சி.யின் மூடியை மட்டும் நீங்கள் கழற்றாதீர்கள். 230 வோல்ட் உள்ளே போய் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்திசை (டி.சி.) மின்னழுத்தமாகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சில நிமிடம் அது தங்கியிருக்கும். அந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். அவர் “போர்டு போச்சு சார்” என்றால் மட்டும் உடனே பர்ஸைத் திறக்காமல், “முதல்ல சென்சாரை அளந்து காட்டுங்க தம்பி” என்று கேளுங்கள்.