சாயமில்லாத நிறம்

இடப்பக்கம் இருப்பது தம்பலகாமக் குடாவின் யன்னல் சிப்பி. தட்டையான, வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய ஓடு. கண்ணாடிக்குப் பதிலாக யன்னலில் பதித்த காலமும் உண்டு. இதன் சிறு முத்துகளுக்காக 19ஆம் நூற்றாண்டில் இக்குடாவில் சிப்பி குளித்தார்கள்.

வலப்பக்கம் மன்னார் முத்துச்சிப்பி. தலையைச் சற்றே சாய்த்துப் பாருங்கள்: வெள்ளிப் பளபளப்பின் மேல் பச்சையும் இளஞ்சிவப்பும் இடம் மாறும். சாயம் ஏதுமில்லை. ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள சுண்ணப் படலங்கள் அடுக்கடுக்காக ஒளியைத் திருப்புவதால் வரும் நிறம் அது. சி. வி. இராமன் 1930களில் பெங்களூரில் இதைத் துருவி ஆராய்ந்தார்.

ஹோலோகிராம் உணரியும் இதே வித்தைதான். கேம்பிரிட்ஜில் கிறிஸ்டோபர் லோவின் குழு 1990களில் இந்த உணரியை வளர்த்தெடுத்தது. மெல்லிய ஜெல் படலத்துக்குள் லேசரால் பதித்த நுண்வெள்ளி அடுக்குகள். குளுக்கோசைப் பற்றும் வேதிப்பொருளை ஜெல்லில் கோத்துவிட்டால், சர்க்கரை பட்டதும் ஜெல் உப்பும், அடுக்குகள் விலகும், பச்சை சிவப்பை நோக்கி நகரும். சுருங்கினால் நீலத்தை நோக்கி. பசில்லஸ் நுண்ணுயிர் வித்துகள் முளைக்கையில் வெளிவிடும் கால்சியத்தையும் இவ்வாறு கண்டுபிடித்திருக்கிறார்கள். பெரிய மாற்றம் வெறுங்கண்ணுக்கே தெரியும். துல்லியமான அளவுக்கு நிறமாலைமானி வேண்டும்.