காட்டுக்குப் போறீங்களா? ஒரு நிமிஷமுங்க!

நாலு தூறல் விழுந்தால் போதும், எங்கள் கோயமுத்தூரில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான். "ஏனுங்க, சிறுவாணிப் பக்கம் ஒரு எட்டுப் போயிட்டு வந்துரலாமுங்களா?" தாராளமாகப் போகலாம். ஆனால் காடு என்பது வ.உ.சி. பூங்கா அல்லவே! பி.காம். படித்தவன் என்பதால், லாப நஷ்டக் கணக்குப் பார்த்துச் சில யோசனைகள் சொல்கிறேன்.

* டவுனில் வெயில் சுள்ளென்று அடிக்கும்; மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். வெள்ளம் வந்தால் கோவை குற்றாலத்தை வனத்துறை மூடிவிடும். விசாரித்துவிட்டுப் புளிசாதம் கிளறுங்கள். எந்த ஆற்றிலும் தண்ணீர் திடீரென்று கலங்கி, இலை, குச்சியோடு வந்தால், சோப்புப் போட்ட தலையாக இருந்தாலும் சரி, உடனே கரையேறிவிடுங்கள்.

* பொழுது சாய்வதற்குள் அடிவாரத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள். அதற்குப் பிறகு ரோடு யானைக்குச் சொந்தம். எதிரே நின்றால் ஹாரன் வேண்டாம், செல்ஃபி வேவே வேண்டாம். தள்ளியே வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். அவசரம் நமக்குத்தான், அதற்கு இல்லை!

* வால்பாறை ரோட்டில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 40. அங்கே குரங்குக்கு முறுக்கு போடுவது புண்ணியம் அல்ல. ருசி கண்ட குரங்கு ரோட்டிலேயே உட்கார்ந்து, வண்டியில் அடிபடுகிறது. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் சிங்கவால் குரங்குக்கும் இதே கதிதான்.

* வெள்ளியங்கிரிக்கு ஏழு மலை ஏற வேண்டும். 2024 சீசனில் ஏறும்போதே சிலர் உயிரை விட்டார்கள். நெஞ்சுவலி, பி.பி., மூச்சிரைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறாதீர்கள். அடிவாரத்தில் கும்பிட்டாலும் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

* கூட்டம் பிடிக்காதவர்கள் ஈரோடு பக்கம் வெள்ளோடு, திருப்பூர் பக்கம் நஞ்சராயன் குளம் என்று போகலாம். 2022-லும் 2024-லும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை இவை. குளிர்காலத்தில், விடியற்காலையில் போங்கள். பளிச்சென்ற சட்டையும் சினிமாப் பாட்டும் பறவைகளுக்கு ஆகாது.

* கடைசியாக, பாட்டில். உடைந்த கண்ணாடி யானையின் பாதத்தில் ஏறினால் புண் சீழ் பிடிக்கும். டன் கணக்கான உடம்பை அந்தக் காலில்தானே தாங்க வேண்டும்? நடக்க முடியாத யானைக்குத் தீனியும் இல்லை, தண்ணீரும் இல்லை. இதற்காகத்தான் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022-ல் நீலகிரியில் மது பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் ஒழுங்காகக் கடைக்குத் திரும்பின. யானைக்காக இரங்காத மனசு, பத்து ரூபாய்க்கு இரங்கியது!

ஆகவே, கொண்டுபோன பையை அப்படியே திருப்பிக் கொண்டு வாருங்கள். உள்ளே இருந்த புளிசாதம் மட்டும் கணக்கில் குறையலாம்.