மடிப்பில் இருக்கிறது சேதி

மனித செல் ஒன்றில் உள்ள டி.என்.ஏ. முழுவதையும் நீட்டி முனையோடு முனை சேர்த்தால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்குதான். பள்ளிப் பாடம் இதை இடநெருக்கடியாகவே சொல்லிக்கொடுக்கிறது: இழை நீளம், இடம் சிறிது, ஆகவே நூல்கண்டுபோலச் சுற்றி வைத்திருக்கிறது. இது தவறில்லை, ஆனால் பாதி உண்மைதான். கண்டில் எப்படிச் சுற்றினாலும் நூலின் குணம் மாறாது. செல்லுக்குள் அப்படியல்ல. எந்தப் பகுதி இறுகிக் கிடக்கிறது, எது தளர்ந்திருக்கிறது, எது எதன் அருகே வளைந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் எந்த மரபணு பேசும், எது வாய் மூடியிருக்கும் என்பது முடிவாகிறது. தோலுக்கும் நரம்புக்கும் டி.என்.ஏ. ஒன்றே, வேறுபாட்டில் பெரும்பங்கு மடித்திருக்கும் விதத்தில் இருக்கிறது.

சுற்றின் முதல் படியிலேயே இதைப் பார்க்கலாம். ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டு சேர்ந்து ஓர் உருளையாகின்றன, அதன்மேல் டி.என்.ஏ. 147 எழுத்து நீளத்துக்கு, இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியிருக்கிறது. இதற்கு நியூக்ளியோசோம் என்று பெயர். 1974இல் ரோஜர் கார்ன்பெர்க் இந்த அமைப்பை ஊகித்துச் சொன்னார். 1997இல் ரிச்மண்ட் குழுவினர் அதன் உருவத்தைத் துல்லியமாகக் காட்டினார்கள். ஹிஸ்டோன்களின் வால்கள் இந்த உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் நேர்மின்னூட்டம் அதிகம், டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம்; ஆகவே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. வாலில் அசிட்டைல் என்ற சிறு மூலக்கூறுத் தொகுதி வந்து ஒட்டினால் அந்த இடத்து நேர்மின்னூட்டம் போய்விடும், பிடி தளரும். இதற்கும் மரபணுச் செயல்பாட்டுக்கும் தொடர்பிருக்கலாம் என்று வின்சென்ட் ஆல்ஃப்ரி 1964இலேயே சொன்னார், பலரும் பொருட்படுத்தவில்லை. 1996இல் டேவிட் ஆலிஸ் குழுவினர் அசிட்டைலை ஒட்டும் நொதி ஒன்றைப் பிரித்தெடுத்தபோது, ஈஸ்டில் மரபணுக்களைத் தூண்டுவதாக ஏற்கெனவே அறியப்பட்டிருந்த ஒரு புரதத்தின் இனமாகவே அது இருந்தது.

பெரிய அளவில் இது எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பூனையைவிட நல்ல சாட்சி கிடையாது. பெண் பூனைக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். கருவின் தொடக்கத்தில் ஒவ்வொரு செல்லும் அவற்றில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து, இறுக்கிச் சுருட்டி ஒதுக்கிவிடுகிறது. சுருண்ட அந்த எக்ஸ் ஒரு சிறு கரும்புள்ளியாகத் தெரியும்; அதை 1949இல் மர்ரி பாரும் பெர்ட்ராமும் பூனையின் நரம்புச் செல்களில்தான் கண்டார்கள். அதன் பொருளை 1961இல் மேரி லயன் விளக்கினார். ரோமத்தின் ஆரஞ்சு நிறத்தை முடிவு செய்யும் மரபணு எக்ஸில் இருப்பதால், எந்த எக்ஸ் சுருண்டதோ அதற்கேற்ப ஓரிடத்தில் ஆரஞ்சும் இன்னோரிடத்தில் கறுப்பும் திட்டுத்திட்டாக வருகின்றன. 2001 டிசம்பரில் டெக்சாஸில், மூன்று நிறப் பூனை ஒன்றின் ஒரே செல்லிலிருந்து நகலெடுத்து ஒரு குட்டி பிறந்தது. டி.என்.ஏ. அந்த மூன்று நிறப் பூனையினுடையதே. ஆனால் குட்டியின் உடலில் எங்கும் ஆரஞ்சு இல்லை. எடுத்த செல்லில் ஆரஞ்சைத் தாங்கிய எக்ஸ் ஏற்கெனவே சுருண்டிருந்தது. நகலெடுக்கும்போது அந்தச் சுருள் அவிழவில்லை. எழுத்துக்குப் பழுதில்லை, மடிப்பு மட்டும் கூடவே வந்துவிட்டது.

மரபணு முதலில் அடங்கி, அதன் விளைவாகத்தான் அந்தப் பகுதி இறுகுகிறது என்று ஏன் சொல்லக்கூடாது? நியாயமான கேள்வி. பல இடங்களில் அப்படியும் நடக்கிறது. ஆனால் 1930இல் ஹெர்மன் முல்லர் எக்ஸ் கதிர் பாய்ச்சிய பழ ஈக்களில் இதற்கு மறுமொழி இருக்கிறது. சில ஈக்களில் குரோமோசோம் முறிந்து திரும்பி ஒட்டியபோது, கண்ணுக்குச் சிவப்பு நிறம் தரும் மரபணு இறுகிய பகுதியின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது. மரபணு பழுதாகவில்லை, இடம்தான் மாறியது. கண்ணில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் விழுந்தன. அண்டைப் பகுதியின் இறுக்கம் சில செல்களில் இதன்மேலும் பரவி அதை அடக்கியிருக்கிறது. இங்கே இறுக்கம்தான் காரணம்.

இன்னொரு மறுப்பு இன்னும் கனமானது. இந்தியக் கேளையாட்டில் பெண்ணுக்கு 6 குரோமோசோம், ஆணுக்கு 7. அதன் நெருங்கிய உறவான சீனக் கேளையாட்டுக்கு 46. இரண்டும் நன்றாகவே வாழ்கின்றன. ஆகவே எத்தனை துண்டாக இருக்கிறது என்பது பெரிதல்ல. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மடிப்பையே கலைத்துப் பார்த்ததும் உண்டு: 2017இல் மனிதப் புற்றுநோய்ச் செல்களில், டி.என்.ஏ.வை வளையங்களாக வளைக்கும் கொஹீசின் புரதத்தைச் சில மணி நேரத்துக்கு அழித்துப் பார்த்தார்கள். வளையங்கள் மறைந்தன, பெரும்பாலான மரபணுக்களோ அவ்வளவாகச் சலனமடையவில்லை. அப்படியானால் வளையம் வெறும் அலங்காரமா? ஏற்கெனவே உருவாகி முடிந்த செல்லிடம் இதைக் கேட்பது போதாது என்று நினைக்கிறேன். உருவாகிக்கொண்டிருக்கும் கரு தரும் விடை வேறு. விரல்களின் அமைப்பை வழிநடத்தும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவை முடுக்கும் பகுதி, அதிலிருந்து ஏறக்குறைய 10 லட்சம் எழுத்து தள்ளி, வேறொரு மரபணுவுக்குள் கிடக்கிறது. இழை மடிந்தால்தான் இரண்டும் நெருங்க முடியும். சுண்டெலியில் அந்த முடுக்கியை நீக்கினால் கால்கள் முழங்காலுக்குக் கீழ் சரியாக உருவாவதில்லை. 2015இல் பெர்லினில் முண்ட்லோஸ் குழுவினர், விரல்கள் குட்டையாகவோ ஒட்டியோ கூடுதலாகவோ அமைந்த குடும்பங்களை ஆராய்ந்தார்கள். அவர்களிடம் அறுந்தோ இடம் மாறியோ இருந்தது இரண்டு வளையப் பகுதிகளைப் பிரிக்கும் எல்லை. எல்லை போனதும் ஒரு பகுதியின் முடுக்கி பக்கத்துப் பகுதி மரபணுவைத் தூண்டியது. சுண்டெலியில் அதே மாற்றத்தைச் செய்ததும் அதே கோளாறு வந்தது. எல்லையை மட்டும் விட்டுவைத்து மற்றதை நீக்கியபோது அந்தத் தவறான தூண்டல் நிகழவில்லை.

கொஹீசினை இழையில் ஏற்றிவிடும் புரதத்தின் மரபணு இரண்டு பிரதிகளில் ஒன்றில் பழுதானாலே, குழந்தைக்குக் கொர்னேலியா டி லாங்கே நோய்க்குறி வரக்கூடும்: வளர்ச்சி குன்றும், முக அமைப்பு மாறும், சிலருக்குக் கைகள் முழுமையடையாது. கொஹீசினுக்கு செல் பிரியும்போது இரட்டிப்பான குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் வேலையும் உண்டு. இந்நோயில் அது பெரும்பாலும் கெடுவதில்லை. கெடுவது பல நூறு மரபணுக்களின் அளவு, அதுவும் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம்தான். ஆய்வகத் தட்டில் சில மணி நேரத்தில் கண்ணில் படாத அந்தச் சிறு தளர்வுகள், ஒரு கரு உருவாகும் மாதங்களில் கூடிக்கூடிக் கை அளவுக்குப் பெரிதாகிவிடுகின்றன.